மாவு மில்லைக் கப்பல் என்று நினைத்த டார்பிடோ

அன்று காலை சாளைத்துறைக் கடற்கரையில் இருந்தவர்கள் இவர்கள்: கரைவலையின் இடக்கயிற்றில் பதினான்கு பேர், அவர்களில் மூன்றாவது ஆளாகக் கயிறு பிடித்தவள் வியாகுலமேரி, வலக்கயிற்றில் பதின்மூன்று பேர், அவர்களில் முதல் ஆள் அம்பாப் பாட்டுப் பாடி எல்லோரையும் ஒரே மூச்சில் இழுக்க வைக்கிற தொம்மை, வலையில் மீன் சேரும் பையான மடிக்குப் பின்னால் கழுத்தளவுத் தண்ணீரில் நீந்தி வந்தவர்கள் இருவர், வலைக்குச் சொந்தக்காரரான கஸ்பார், கூடையோடு மீன் வாங்கக் காத்திருந்த பெண்கள் ஐந்து பேர், அவர்களில் மூத்தவள் வியாகுலமேரியின் இறந்த கணவனுக்கு அக்காளான பவுலினாள், தூக்குவாளியில் டீ கொண்டு வந்த கடைக்கார இசக்கிமுத்து. ஆக முப்பத்தாறு. பவுலினாளின் இடுப்பில் பேத்தி இருந்தாள். அவளையும் சேர்த்தால் முப்பத்தேழு. சேர்க்கத்தான் வேண்டும், ஏனென்றால் பிள்ளை கையை நீட்டிக் கயிற்றைத் தொட்டுவிட்டது, கயிற்றில் கை வைத்த எவருக்கும் பங்கு உண்டு என்பதும், கை வைத்தவர் மடி கரையேறும்வரை விட்டுப் போகக்கூடாது என்பதும் அந்தக் கரையின் வழக்கம். நாய்களைச் சேர்க்கவில்லை.

மடி கரைக்கு வந்தபோது அதில் சாளை பாதியும் காரல் கொஞ்சமும் சொறி என்கிற ஜெல்லிமீன் நிறையவும் இருந்தன, அவற்றின் நடுவே நாலு ஆள் நீளத்துக்கு, பனைத்தடி பருமனில், கறுப்பாக ஒன்று கிடந்தது. முகம் மழுங்கியிருந்தது. வாலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு விசிறிகள் இருந்தன, முன்னது இடமாகச் சுற்றினால் பின்னது வலமாகச் சுற்றியது. அந்த விசிறிகளுக்கு நடுவிலிருந்து தூண்டில் நரம்பைவிட மெல்லிய ஒரு கம்பி புறப்பட்டு, மணலில் வளைந்து, அலைக்குள் இறங்கி, கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

தொம்மை வயசுக்காலத்தில் கப்பல்களில் சமையல்காரராகப் போய் வந்தவர். அவர்தான் அதற்குப் பெயர் சொன்னார்.

"டார்பிடோ. கப்பல ஒடைக்கிற குண்டு. நீர்மூழ்கிக்குள்ள இருந்து விடுவான். இந்தக் கம்பி வழியாத்தான் இங்க திரும்பு, அங்க போன்னு சொல்லிட்டே இருப்பான். கம்பி அறுந்துட்டுன்னு வையி, அப்புறம் அது யாரு பேச்சும் கேக்காண்டாம். கப்பல் எஞ்சின் சத்தம் எங்க கேக்கோ அங்க அதுவா போவும்."

"வெடிக்குமாவே?" என்று கேட்டார் கஸ்பார்.

"வெடிக்கணும்னா நீரு கேட்டு முடிச்சிருக்க மாட்டீரு."

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அது மடியின் வாயை முகத்தால் தள்ளித் திறந்து, ஒரு கண்ணியைக்கூட அறுக்காமல் வெளியே வந்து, ஈர மணலைக் கடந்து, காய்ந்த மணலில் ஏறி, ஊரைப் பார்த்துப் போகத் தொடங்கியது. கடலுக்குள் அதன் வேகத்துக்கு எந்தக் கப்பலும் தப்பாது என்றார் தொம்மை. கரையில் அது முட்டையிட ஏறி வரும் ஆமையின் வேகத்தில் போனது, ஆமையைப் போலவே அடிக்கடி நின்று யோசித்தது. டீ ஆறுகிறது என்றார் இசக்கிமுத்து. எல்லோரும் டீ குடித்தார்கள். மீனைப் பங்கு வைத்தார்கள். டார்பிடோவைப் பங்கு வைக்க முடியவில்லை, ஏனென்றால் அது நிற்கவில்லை.

பிறகு வந்த நாட்களில் சாளைத்துறை அதற்குப் பழகிக்கொண்டது, ஊருக்குள் வந்து தங்கிவிட்ட ஒரு தூரத்து உறவினருக்குப் பழகுவதைப் போல. காலையில் அதன் முதுகு குளிர்ந்திருக்கும் என்பதால் நாய்கள் அதன் நிழலை விட்டு அதன்மேலேயே படுத்தன, வெயில் ஏறியதும் முதுகு சுடும் என்பதால் பெண்கள் அதன்மேல் ஈரத்துணியை விரித்தார்கள், துணி காய்வதற்குள் அது இரண்டு வீடு தள்ளிப் போயிருக்குமாதலால் யாருடைய துணி யார் வீட்டு வாசலில் என்பதில் சின்னச் சின்னச் சண்டைகள் வந்தன. ஆடு குறுக்கே படுத்திருந்தால் அது ஆடு எழும்வரை நின்றது. தெருமுனைச் சிலுவையை ஒட்டி வந்தபோது, பாதிரியார் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, வலதுபுறமாக ஒதுங்கிப் போனது, அது மரியாதையா அல்லது கல்லென்று தெரிந்ததாலா என்று பாதிரியாரால் சொல்ல முடியவில்லை. கம்பிதான் கொஞ்சம் தொந்தரவு. சைக்கிளில் வருகிறவன் கண்ணுக்குத் தெரிவதற்காக அதில் அங்கங்கே சிவப்புத் துணி முடிந்தார்கள், தெருக்கள் குறுக்கிடும் இடங்களில் கவைக்கம்பு நட்டு அதைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார்கள். யாரும் அறுக்கவில்லை. அறுத்தால் அது யார் பேச்சையும் கேட்காது என்று தொம்மை சொல்லியிருந்தார். அதோடு, கடலுக்குள் இருக்கும் ஒரு கயிற்றின் மறுமுனை ஒருவன் கையில் இருக்கும்போது அதை அறுப்பது சாளைத்துறைக்காரர்களுக்குத் தெரியாத காரியம்.

அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தவள் பவுலினாள்.

"பின்ன என்ன, ஊருக்குள்ள வந்தான், யாரையும் ஏறெடுத்துப் பாக்கல, சத்தம் போடல, ஒரே நேரா போறான். பொண்ணு பாக்க வந்தவன்தான் இப்பிடிப் போவான். எந்த வீட்டுக்குன்னுதான் தெரியல."

எந்த வீட்டுக்கு என்பது விரைவில் தெரிந்தது. வியாகுலமேரி காலையில் கரைவலை இழுத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் ஊரின் மேற்குப் பக்கத்தில் மாவு மில் ஓட்டுகிறவள். மில் ஓடினால் மாப்பிள்ளை நடக்கும். மில் நின்றால் மாப்பிள்ளை நிற்கும், நின்று, பால்குடிக் கன்று தாயைத் தேடுவதுபோல முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பும். இதை முதலில் கவனித்தது இசக்கிமுத்து, உறுதி செய்தவர் தொம்மை. கம்பி அறுபடாவிட்டாலும் மறுமுனையில் இருப்பவன் பேசுவதை நிறுத்திவிட்டான் போல, அதனால்தான் சத்தத்தின் பின்னால் போகிறது என்றார் அவர்.

"ஏட்டி மேரி," என்றாள் பவுலினாள், "ஐம்பது வயசுல ஒனக்கு வந்த யோகத்தப் பாரேன். ஒன் வீட்டுக்குத்தாம்ளா வாரான்."

"சும்மா இரிங்க மைனி."

"நான் சும்மாதான் இருக்கேன். அவன்தான் நடக்கான்."

வியாகுலமேரிக்குச் சிரிப்பு வந்தது, உடனே நின்றும் போனது. ஏனென்றால் அந்த மில்லில் ஓடியது மில்லுக்கு வாங்கிய எஞ்சின் இல்லை, வள்ளத்து எஞ்சின். அவள் கணவன் அருளப்பன் மூன்று வருடங்களுக்கு முன்னால் விளக்கேற்றி வலை போட்டிருந்தபோது, விளக்கே இல்லாத ஏதோ ஒரு பெரிய கப்பல் அவன் வள்ளத்தின் முன்பாதியை உடைத்துக்கொண்டு போனது. பின்பாதி எஞ்சினோடு மிதந்து, மற்ற வள்ளங்கள் இழுத்துவர, கரைக்கு வந்தது. அருளப்பன் வரவில்லை. அவள் மனு எழுதிப் போட்டாள், பாதிரியாரும் எழுதினார், கஸ்பாரும் கையெழுத்துப் போட்டார். பதில் ஒரே வரியில் வந்தது: அந்தத் தேதியில் அந்த இடத்தில் எந்தக் கப்பலும் இல்லை. உடைந்த வள்ளத்தை விறகுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சினை மட்டும் கொடுக்க மனமில்லாமல் சிமெண்டுத் தளம் போட்டு இறக்கி, பட்டை மாட்டி, அதில் அரிசியும் கேழ்வரகும் மிளகாயும் அரைத்துத் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டாள். அந்தச் சத்தத்தைத்தான் டார்பிடோ கடலடியிலிருந்து கேட்டிருக்கிறது. வலையில் வந்த காலையில் மில் ஓடும் முன்பே அது ஊரைப் பார்த்து நகர்ந்ததும் முந்திய நாள் கேட்ட அந்தச் சத்தத்தின் நினைவில்தான். ஒரு வள்ளம் ஊருக்குள் போய்க்கொண்டே இருக்கிறது, எங்கேயும் போய்ச் சேராமல் போய்க்கொண்டே இருக்கிறது என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வெள்ளை உடுப்பு போட்ட மூன்று பேர் ஜீப்பில் வந்தார்கள். அவர்களோடு தாசில்தாரும் வந்தார். மூவரும் டார்பிடோவைச் சுற்றி வந்தார்கள், படம் எடுத்தார்கள், நீளம் பார்த்தார்கள். அதன் விலாவில் வெள்ளை எழுத்தில் ஓர் எண் இருந்தது. மூவரில் இளையவர் ஜீப்பிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வந்து அந்த எண்ணின்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். பெயிண்ட் காய்வதற்கு முன்பே மூத்தவர் காகிதத்தில் எழுதினார், எழுதியதைத் தாசில்தார் சத்தமாகப் படித்தார்: "இந்தப் பொருளில் அடையாளம் எதுவும் இல்லை. இது எங்களுடையது இல்லை. இப்படி ஒன்றும் எங்களிடம் குறையவில்லை."

"ஒங்களுது இல்லன்னா சரி," என்றார் கஸ்பார். "எங்க வலையில வந்தது. நாங்க பாத்துக்கிடுதோம்."

"தொடக்கூடாது," என்றார் மூத்தவர்.

"யாரோட பொருள?"

அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார். ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது, பெயிண்ட் வழிந்து மணலில் சொட்டிக்கொண்டிருந்தது, ஜீப் போய்விட்டது.

அதன்பிறகு நடந்ததை டார்பிடோ செய்ததாகச் சொல்ல முடியாது. அது ஒரு வேலியைக்கூடச் சாய்க்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் நூறு அடி வெற்றிடமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது, நேர்கோடு போட்ட வரைபடம் வந்தது, வரைபடத்தோடு ஒரு ஜேசிபி இயந்திரமும் வந்தது. இசக்கிமுத்துவின் டீக்கடையை டார்பிடோ முந்திய நாளே சுற்றிக்கொண்டு போய்விட்டது, கடையின் முன்னால் தொங்கிய வாழைத்தாரைக்கூட உரசவில்லை. கோடு கடையின் நடுவே போனது. அதனால் கடையை இடித்தார்கள்.

"அது போயாச்சுங்க. பின்னால பாருங்க, அந்தா போகுது," என்று இசக்கிமுத்து பாய்லரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னார்.

"உத்தரவுல இன்னும் போகலயே," என்றார் தாசில்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இசக்கிமுத்துவிடம் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டுத்தான் இடிக்கச் சொன்னார். அந்த டீயைப் பற்றி இசக்கிமுத்து அதற்குப் பிறகு எல்லோரிடமும் சொன்னார், கடையைவிட அந்த டீதான் அவருக்குத் தாங்கவில்லை.

டீக்கடைக்குப் பிறகு இரண்டு வீடுகளின் முன்சுவர்கள் போயின, ஒரு மாட்டுக்கொட்டகை போனது, ஊர்க்குழாயின் மேடை போனது. இடிபாடுகளுக்கு நடுவே டார்பிடோ வழி தெரியாமல் திணறி, கற்களைச் சுற்றிச் சுற்றி வந்தது, முன்பைவிட மெதுவாகப் போனது. ஒருநாள் தாசில்தார் வியாகுலமேரியின் மில் வாசலுக்கு வந்து நின்றார். அவள் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அவர் தும்மி முடிக்கும்வரை காத்திருந்து எஞ்சினை நிறுத்தினாள்.

உத்தரவு இப்படி இருந்தது: அடையாளம் தெரியாத ஓர் அபாயப் பொருளை இந்த மில்லின் ஓசை ஊருக்குள் ஈர்த்திருக்கிறது, ஆகவே மில்லை இடித்து, எஞ்சினைக் கைப்பற்ற வேண்டும், ஓசை எழுப்பியதற்கு உரிமையாளரே பொறுப்பு.

வியாகுலமேரி அதிகம் பேசுகிறவள் இல்லை. கடற்கரையில் பங்கு குறைந்தால்கூடப் பக்கத்து ஆளிடம்தான் சொல்வாள், அந்த ஆள்தான் கஸ்பாரிடம் சொல்லுவான். அவள் கையில் மிளகாய்ப்பொடி இருந்ததால் உத்தரவை வாங்காமல் நின்றாள்.

"வந்தது யாரோடதுன்னு ஒங்களுக்குத் தெரியல," என்றாள். "வரவழச்சது நான்னு மட்டும் எப்பிடிய்யா தெரிஞ்சுது?"

தாசில்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மிளகாய் நெடி.

"அம்மா, உங்களுக்கு நான் ஒண்ணு சொல்றேன். அதுக்குச் சொந்தக்காரன்னு ஒருத்தன் வந்து நின்னா இந்த உத்தரவுக்கு வேலையே இல்லை. அவன் பொருள், அவன் பொறுப்பு. நான் மில்லைத் தொட மாட்டேன். ஆனா யாரும் வரலையே."

"நாங்க கூட்டிட்டு வரட்டுமா?"

"யாரை?"

அவள் தெருவைப் பார்த்தாள். கவைக்கம்புகளின்மேல் சிவப்புத் துணி அசைய, கம்பி கிழக்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்று சாயந்தரம் ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் பேசவில்லை. மில்லை நிறுத்திவிட்டால் மாப்பிள்ளை நின்ற இடத்தில் நின்றுவிடும், மற்ற வீடுகளாவது தப்பும் என்றார்கள் சிலர். அவர்கள் வீடுகள் கோட்டில் இருந்தன, அவர்களைக் குறை சொல்ல முடியாது. வியாகுலமேரியும் குறை சொல்லவில்லை, ஒரு வாரம் மில்லை நிறுத்தியே பார்த்தாள். டார்பிடோ நின்றது. ஊர் மாவுக்காகப் பஸ் ஏறிப் போனது. ஜேசிபி நிற்கவில்லை, உத்தரவில் தேதி போட்டிருந்தது, தேதிப்படி அடுத்த சுவரை இடித்தது. அதற்குப் பிறகு அவளை மில்லை நிறுத்தச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

அடுத்த ஊர்க்கூட்டத்தில், "கயிறு இருக்கு," என்றாள் வியாகுலமேரி பவுலினாளிடம் மெதுவாக. பவுலினாள் அதைக் கூட்டத்துக்குச் சொன்னாள். "கயிறு கெடக்குது, கை வைக்காம நின்னுட்டு இருக்கோம்னு கேக்கா."

அப்படித்தான் சாளைத்துறை அந்தக் கம்பியை இழுக்கத் தொடங்கியது. கயிறென்றால் அதன் கடைசியில் மடி இருக்கும், மடிக்குள் இருப்பது வந்தே தீரும் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாதவர்கள் செய்யக்கூடிய தவறு அது. ஒரு நீர்மூழ்கியைக் கரைவலை என்று எடுத்துக்கொண்டார்கள். டார்பிடோவின் வால்பக்கம் கொஞ்சம் கம்பியைத் தளர்வாக விட்டு முளையடித்துக் கட்டினார்கள். உள்ளங்கையில் துணி சுற்றிக்கொண்டார்கள். இடப்பக்கக்காரர்கள் பதினான்கு பேரும் கம்பியைப் பிடித்தார்கள். பிடித்ததும் ஒரு சிக்கல் வந்தது. கரைவலைக்கு இரண்டு கயிறு, இதற்கோ ஒன்றுதான்.

"ஒரு பக்கம் மட்டும் இழுத்தா மடி கோணிப்போவும்," என்றார் தொம்மை. "வலக்கயிறு வேணும்."

"இல்லியே."

"இல்லாட்டா என்ன? இழுப்போம்."

வலப்பக்கக்காரர்கள் பதின்மூன்று பேரும் வழக்கமான தூரத்தில் போய் நின்று, இடுப்பைத் தாழ்த்தி, குதிகாலை மணலில் ஊன்றி, வெறுங்கையால் ஒன்றுமில்லாததைப் பிடித்து இழுத்தார்கள். தொம்மை பாடினார்.

"வந்த பொருள் யாருதடா," என்று அவர் எடுக்க, "ஏலோ ஐலசா," என்று இரண்டு பக்கமும் இழுத்தது.

"சொந்தமின்னு கூறு மச்சான்."

"ஏலோ ஐலசா."

"எழுத்த அழிச்ச பெரிய மனுசா."

"ஏலோ ஐலசா."

"எட்டிப் பாரு வெளிய வந்து."

"ஏலோ ஐலசா."

இப்படி அவர்கள் விடிந்ததிலிருந்து வெயில் தலைக்கு ஏறும்வரை இழுத்தார்கள், அடுத்த நாளும் இழுத்தார்கள், அதற்கடுத்த நாளும் இழுத்தார்கள், கம்பி வந்துகொண்டே இருந்தது, வந்த கம்பியைக் கயிறு சுருட்டுவதுபோலவே சுருட்டி வைத்தார்கள், சுருட்டிய கம்பி முழங்கால் உயரம் வந்து இடுப்பு உயரம் வந்தது, அதன் நடுவில் ஒரு கோழி முட்டையிட்டது, கடையில்லாத இசக்கிமுத்து பாய்லரைக் கடற்கரைக்கே கொண்டுவந்து டீ போட்டார், பக்கத்து ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து சும்மா நிற்கக் கூச்சப்பட்டு வலக்கயிற்றில் கை வைத்தார்கள், வலக்கயிற்றில்தான் இடம் நிறைய இருந்தது. கை வைத்ததும் அவர்களுக்கும் விட மனம் வரவில்லை. உள்ளங்கையில் ஒன்றும் இல்லாமலே அவர்களுக்கும் தோல் உரிந்தது.

உத்தரவில் மில்லுக்குக் குறித்த நாள் வந்தது. ஜேசிபி மில் வாசலுக்குப் போய் நின்றது, தாசில்தார் வியாகுலமேரியைக் கூட்டிப்போகக் கடற்கரைக்கு வந்தார். சாமான்களை வெளியே எடுக்க ஆள் வேண்டுமே. அவள் வரமுடியாது என்று சொல்லவில்லை, கயிற்றில் இருக்கிறேன் என்றுதான் சொன்னாள். அவர் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அவங்க என்ன இழுக்குறாங்க?"

"வலக்கயிறு," என்றார் தொம்மை.

"கயிறே இல்லையே."

"இல்லாத கப்பல் விட்ட குண்டுக்கு நூறடி நீரு இடிச்சீரே. அந்தக் கப்பலுக்கு இது போதும்."

தாசில்தார் அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தபோது மூன்றாவது அலைக்கு அப்பால் கடல் முதுகைத் தூக்கியது. தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து இறங்க, கறுப்பாக, சிலுவைத்தெரு நீளத்துக்கு ஒன்று எழுந்து, இழுத்த இழுப்புக்குக் கோணாமல் நேராக வந்து மணலில் வயிறு தட்டி நின்றது. யாரும் கையை விடவில்லை. மடி வரும்போது கையை விடுவது கிடையாது. கப்பலில் கொடி இல்லை. எண் எழுதியிருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பெயிண்ட் புதிதாக இருந்தது.

மேலே ஒரு மூடி திறந்தது. ஓர் அதிகாரி இடுப்புவரை வெளியே வந்தார். நாற்பது வயதிருக்கும், வெயில் படாத வெளிறிய முகம், கண் கூச ஊரைப் பார்த்தார், இழுத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தார், அவர் வாய் முதலில் சொன்னது இது:

"இந்த இடத்தில் எந்தக் கப்பலும் இல்லை."

பவுலினாள் பேத்தியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்ப நீரு எதும்மேல நிக்கீரு?" என்று கேட்டார் தொம்மை.

"அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"எங்க ஊருக்குள்ள வந்து நிக்குதே, கம்பி கட்டினது. அது ஒங்களுதா?"

"இல்லை."

"இந்தக் கம்பி?"

"கம்பி எதுவும் இல்லை."

கஸ்பார் கேட்டார், இல்லை என்றார். பாதிரியார் கேட்டார், இல்லை என்றார். மில் வாசலிலிருந்து வந்து சேர்ந்த ஜேசிபி ஓட்டுநர்கூடக் கேட்டுப் பார்த்தான், அவனுக்கும் இல்லை. கடுமையாகச் சொல்லவில்லை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார். தாசில்தார் கையிலிருந்த உத்தரவைப் புரட்டினார்.

"கேட்டாச்சும்மா," என்றார் வியாகுலமேரியிடம். "சொந்தக்காரன் இல்லை. நான் என்ன செய்ய? வாங்க, சாமானை எடுத்துருவோம்."

வியாகுலமேரி கம்பியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். மூன்று வருடமாக அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. அடுப்படியிலும் மில்லிலும் கோயிலிலும் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள்: என் புருசன் வள்ளத்த ஒடச்சது யாரு? அதைக் கேட்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அந்த வெளிறிய முகத்தைப் பார்த்தபோது, இதற்கும் அவர் இல்லை என்றே சொல்வார், வருத்தத்தோடு சொல்வார் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. கேள்வி கேட்கிற இடமெல்லாம் இல்லை என்கிற ஒரு சொல்லைச் சுவராகக் கட்டி வைத்திருக்கிறார்கள், இதில் எந்தப் பக்கம் போய் முட்டினாலும் மண்டைதான் உடையும். அதனால் அவள் அருளப்பனைப் பற்றிக் கேட்கவில்லை, டார்பிடோவைப் பற்றிக் கேட்கவில்லை, கப்பலைப் பற்றிக் கேட்கவில்லை. தண்ணீரில் கை கழுவிக்கொண்டே, மீன் கூடையைப் பார்த்துக் கேட்பதுபோல, சாதாரணமாகக் கேட்டாள்.

"இன்னும் எத்தன பாக்கி இருக்கு உள்ள?"

அந்த அதிகாரி ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு மாலையும் அடுக்குக்கு அடுக்கு நடந்து, குளிர்ந்த முதுகுகளை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டு எண்ணி, எண்ணியதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டே பல வருடங்களைக் கழித்தவர். பொய் சொல்ல அவரைப் பழக்கியிருந்தார்கள். எண்ணிக்கையில் பொய் சொல்ல மட்டும் பழக்கவில்லை, எண்ணிக்கை தவறினால் அவர்களிடம் பெரிய தண்டனை.

"பதினேழு," என்றார். பிறகு அவராகவே சேர்த்தார், கணக்கு சரியாக இருக்க வேண்டுமே: "பதினெட்டில் ஒன்று போக."

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். கடற்கரையில் கயிறு பிடித்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள், பாதிரியார் கேட்டார், தாசில்தார் கேட்டார், ஜேசிபி ஓட்டுநர் கேட்டான்.

"ஒன்று போக," என்று தாசில்தார் திருப்பிச் சொன்னார். பிறகு உத்தரவை நான்காக மடித்தார். மடித்ததைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வண்டியைத் திருப்பு," என்றார் ஓட்டுநரிடம்.

மூடி சாத்தப்பட்டது. உள்ளே யாரோ கம்பியை வெட்டினார்கள், இடக்கயிற்றில் நின்றவர்கள் மொத்தமாக மணலில் உட்கார்ந்தார்கள். கறுப்பு முதுகு பின்வாங்கி, மூன்றாவது அலையைத் தாண்டி, கடலுக்குள் இறங்கியது. அது போகும்போது வலப்பக்கத்துக்காரர்கள் இன்னும் கையை விடாமலே இருந்தார்கள், அவர்களிடம்தான் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

"போ பிள்ள, அரிசி ஊறுது," என்றாள் பவுலினாள்.

வியாகுலமேரி ஈரச்சேலையோடு மில்லுக்குப் போனாள். ஜேசிபியின் சக்கரத் தடம் வாசல்படி வரை வந்து திரும்பியிருந்தது. எஞ்சினைச் சுற்றிவிட்டாள். அது இரண்டு இருமல் இருமிப் பிடித்துக்கொண்டது. தெருவில் டார்பிடோ, இப்போது யார் பேச்சும் கேட்க வேண்டியிராததால், முளையைப் பிடுங்கிக்கொண்டு நகரத் தொடங்கி, பொழுது சாய்வதற்குள் மில்லுக்கு வந்து, வெளிச்சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றது. சுவர் அதிர்ந்தது. மாவு கொட்டியது. அவள் சன்னல் வழியாக அதன் கறுப்பு முதுகைப் பார்த்தாள், அதற்குப் பின்னால் தெரிந்த கடலைப் பார்த்தாள்.

இங்கே நிற்பது ஒன்று. அங்கே மீதி பதினேழு.